உங்க மாவட்டம் லிஸ்ட்ல இருக்கா?

ஆன்லைன் விண்ணப்பத்தில் ‘மாவட்டம்’ என்ற கட்டத்தைத் தொட்டால் பட்டியல் விரியும். அதில் தென்காசி இல்லையென்றால்? அந்த ஊர்க்காரர் வேறு வழியின்றி திருநெல்வேலியைத் தேர்ந்தெடுப்பார். பிறகு, ‘சான்றிதழில் வேறு மாவட்டம் இருக்கிறதே’ என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லி அலைய வேண்டும்.

2019-ல் தென்காசி உட்பட 5, 2020-ல் மயிலாடுதுறை எனப் பிரிந்ததில், தமிழகத்தில் 32 ஆக இருந்த மாவட்டங்கள் 38 ஆகின. படிவத்துக்குப் படிவம் பெயர்களை டைப் செய்து வைத்திருந்தால் அத்தனையையும் திருத்த வேண்டும். ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

பட்டியலை டேட்டாபேஸில் ஒரே இடத்தில் வைத்து, படிவம் திறக்கும்போதெல்லாம் அங்கிருந்து எடுக்கச் செய்தால் ஒரு திருத்தம் போதும். மாவட்டத்தைத் தொட்டதும் அதன் தாலுகாக்கள் மட்டும் வருவதும் இப்படித்தான். ஆனால், தென்காசியைச் சேர்த்துவிட்டு சங்கரன்கோவிலை திருநெல்வேலியின் கீழேயே விட்டுவிட்டால், சங்கரன்கோவில்காரர் தன் தாலுகாவைத் தேட வேண்டியதுதான்!