பென்ஷனுக்குப் பிறகு பொழுது போகலையா? கோடியக்கரை பறவைகளைப் பாருங்க!

காலையில பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் டிவி. இதுக்கு மேல என்ன பண்றது? ஓய்வுபெற்ற சில மாதங்களிலேயே பல வீடுகளில் எழும் கேள்வி இது.

டெல்டாக்காரர்களுக்கு பதில் பக்கத்திலேயே இருக்கிறது. வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரை சரணாலயத்துக்கு (1967-ல் அறிவிக்கப்பட்டது) வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிடும். பூநாரையை யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். மூளைக்கு வேலை வைப்பது உள்ளான்கள்தான். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. அலகின் நீளம், காலின் நிறம், ஓடும் விதம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நேற்றுப் பார்த்ததை நினைவுபடுத்தி, நோட்டில் எழுதி, புத்தகத்தோடு ஒப்பிடுவது குறுக்கெழுத்தைவிட சுவாரஸ்யம்.

இங்கு வந்து ஆய்வு செய்த சாலிம் அலி பிறந்தது 1896-ல். ரிப்ளியுடன் அவர் எழுதிய 10 தொகுதி பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

ஒன்று, நின்று நின்று பறவை பார்ப்பது வேகநடை ஆகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைத் தனியாகச் செய்யுங்கள். கண்புரை இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். 8 மடங்கு பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால், கை லேசாக நடுங்கினாலும் காட்சி ஆடும்.

தினமும் கோடியக்கரைக்கா போக முடியும்? மொட்டை மாடியிலேயே ஆரம்பிக்கலாம். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு, 15 நிமிடம் பார்த்ததை இ-பேர்ட் தளத்தில் பதிவிட்டால் போதும். வரப்பில் நிற்கும் கொக்கும் கணக்கில் வரும்.