உங்களுக்குத் தெரியுமா? தமிழ் சினிமாவைப் பகிடி பண்ணிய கூட்டணி

● 'தமிழ்ப் படம்' 2010 ஜனவரி 29 இல் வெளியானது. இயக்குநர் சி.எஸ். அமுதனுக்கும் தயாரிப்பாளர் சஷிகாந்தின் வை நாட் ஸ்டூடியோஸுக்கும் அதுதான் முதல் படம். நாயகன் சிவா வானொலி அறிவிப்பாளராக இருந்தவர்.

● கதை தொடங்கும் ஊரின் பெயரே சினிமாப்பட்டி! அங்கே ஆண் குழந்தை பிறந்தால் கொல்லக் கள்ளிப்பால். பெண் சிசுக்கொலையைச் சொன்ன 'கருத்தம்மா' படம் தலைகீழாகிறது. தப்பிய குழந்தை கூட்ஸ் ரயிலேறுவது 'தளபதி'. பாட்டி பரவை முனியம்மா சொன்னபடி சிறுவன் சைக்கிள் பெடலைச் சுற்றுகிறான். அடுத்த கணமே இளந்தாரி!

● நாயகனின் கூட்டாளிகள் எம்.எஸ். பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி. இந்த மூத்தவர்களுக்குப் படத்தில் நகுல், சித்தார்த், பரத் என்று இளம் நடிகர்களின் பெயர்கள்.

● 'ஓ மகசீயா' பாட்டு முழுக்கப் பழைய சினிமாப் பாட்டுகளில் வந்த பொருளில்லாச் சொற்களாலேயே கட்டப்பட்டது. இசை கண்ணன்.

● தெலுங்கில் இது 2012 இல் அல்லரி நரேஷ் நடித்த 'சுடிகாடு' ஆனது. தமிழில் இரண்டாம் பாகம் 2018 ஜூலை 12 இல் வந்தது. 2023 இல் அமுதன் எடுத்த 'ரத்தம்' பகிடியே இல்லாத துப்பறியும் படம்.

● இவர்களுக்கு முன்பே சின்னத்திரையில் பாதை போட்டது விஜய் தொலைக்காட்சியின் 'லொள்ளு சபா'. அதில் பெயரெடுத்த சந்தானம் 2004 இல் 'மன்மதன்' மூலம் பெரிய திரையில் கவனம் பெற்றார். 'லொள்ளு சபா'வை இயக்கிய ராம்பாலா, சந்தானத்தையே நாயகனாக்கி 2016 இல் 'தில்லுக்கு துட்டு' எடுத்தார்.

● ஹொலிவூட்டில் இந்தக் கலையின் முன்னோடிகள் டேவிட் சக்கர், ஜெரி சக்கர் சகோதரர்களும் நண்பர் ஜிம் ஆப்ரகாம்ஸும். 1957 இல் வந்த 'ஸீரோ ஹவர்!' படத்தின் உரிமையை முறைப்படி வாங்கி, 1980 இல் 'ஏர்பிளேன்!' எடுத்தார்கள். லெஸ்லி நீல்சன் போன்ற, அதுவரை கனமான வேடங்களில் வந்த நடிகர்களைத் தேடிப்பிடித்து, முகத்தில் சிரிப்பே காட்டாமல் நடிக்க வைத்தார்கள்.

● முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்க்க வரும் சனத்துக்குக் கதை முன்கூட்டியே தெரியும். நையாண்டிப் படத்துக்கும் அப்படிப்பட்ட சபைதான் வேண்டும். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் கைபேசியில் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கையரே, பகிடி பண்ணப்போகும் படத்தை முதலில் பத்துத் தரம் பாருங்கள். நடிப்பவர் சிரிக்கக் கூடாது. சிரிப்பது பார்ப்பவரின் வேலை!