மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற எண்ணெய் எது?

பொழுது புலருமுன் நம்மைப் பால்மரக் காட்டிற்கு ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள், மேட்டில் ஏறும்போது என்ஜின் உறுமியும் வேகம் கூடாமல் திணறுகிறதா? கிளட்ச் தேய்ந்திருக்கலாம், தவறான எண்ணெயும் அதற்குக் காரணமாகலாம்.

காரில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். நம்மில் பலர் ஓட்டும் மோட்டார் சைக்கிளிலோ என்ஜின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. கார் எண்ணெய் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கப்படுகிறது. அது பெட்ரோலை மிச்சப்படுத்தும். ஆனால், கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உராய்வு வேண்டுமன்றோ? அவை வழுக்கினால் விரைவில் தேய்ந்துவிடும். மலிவென்று வாங்கிய எண்ணெய், பட்டறைச் செலவில் கொண்டுபோய் விடும்.

ஆதலால், எண்ணெய்ப் புட்டியில் 'ஜாசோ எம்.ஏ.' என்னும் குறி உள்ளதா எனப் பார்த்து வாங்குவோம். இது 1998ஆம் ஆண்டு ஜப்பானில் வகுக்கப்பட்ட தரக்குறியாகும். 'எம்.பி.' என்பது, எண்ணெயில் நனையாத கிளட்ச் கொண்ட ஸ்கூட்டர்களுக்கு உரியது.

'10டபிள்யூ-40' போன்ற எண்களில் முதலாவது, குளிரில் எண்ணெய் ஓடும் தன்மையைக் குறிக்கும். இரண்டாவது, சூடேறிய எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். நம் வாகனத்திற்கு எந்த எண் பொருந்தும் என்பதை அதன் கையேடே கூறும்.

கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன் குறியைக் கேட்போம்.