காடும் துப்பாக்கியும் – 11: பீச் மரத்து நகக்கீறல்

சென்ற வாரம், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1975 முதல் கரடிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடரும் ஆய்வாளர்களைப் பற்றி எழுதினேன். அதே காட்டில் அதே கரடிகளைத் தேடி அலையும் இன்னொரு கூட்டம் உண்டு. வேட்டைக்காரர்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டிகள். 1897-லிருந்து அவர்களுக்கு மாநில அரசு உரிமம் கொடுத்து வருகிறது. முதல் உரிமம் பெற்றவர் கொர்னீலியா கிராஸ்பி என்ற பெண்மணி.

மெய்னில் சுடப்படும் கருங்கரடிகளில் பெரும்பங்கு, தீனி வைத்து வரவழைத்துச் சுடப்படுபவை. ஆகஸ்டு கடைசித் திங்களன்று பருவம் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே தீனி வைக்கலாம். ஆனால் எங்கே வைப்பது என்ற தேடல் பனி உருகிய கையோடு, மே மாதத்திலேயே ஆரம்பித்துவிடும். என் பார்வையில் இந்த வேட்டையின் மெய்யான வேலை அதுதான். துப்பாக்கி எடுப்பதற்கு வெகுமுன்பே பாதி முடிந்துபோகிறது.

முதலில் பார்ப்பது பீச் மரங்களை. சாம்பல் நிறத்தில் வழுவழுவென்றிருக்கும் அந்தப் பட்டையில் கரடி ஏறினால் ஐந்து நகமும் பதியும். அந்தத் தழும்பு பல ஆண்டுகள் அழியாது. மரம் வளர வளர தழும்பும் விரியும். கறுத்து அகன்ற கீறல் பழையது. வெளிறிய கோடாக, ஓரம் கூர்மையாக இருந்தால் சமீபத்தில் ஏறியிருக்கிறது. அடுத்து எச்சம். ராஸ்பெர்ரி விதை நிறைந்திருந்தால் மரம் வெட்டிச் சில ஆண்டுகள் ஆன திறந்த நிலம் பக்கத்தில் இருக்கிறது. வெயில் விழும் அங்கேதான் அந்தச் செடி மண்டும். எறும்புக்காகப் பிளந்துபோட்ட மட்கிய கட்டை, புரட்டிய கல், போகும் வழியில் முதுகைத் தேய்த்துப் பல்லால் கடித்துவிட்டுப்போன மரம் எல்லாமே செய்தி சொல்லும். கடித்த தடம் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தால், அது பெரிய ஆண் என்று வழிகாட்டி மனத்தில் குறித்துக்கொள்வார்.

தடம் கண்ட இடமெல்லாம் தீனிக்கு ஏற்ற இடமாகிவிடாது. பெரிய ஆண் கரடி வெளிச்சத்தில் வெட்டவெளியைக் கடக்கத் தயங்கும். ஆகவே சீடர் மரங்கள் அடர்ந்த சதுப்பும் மேட்டுக்காடும் சந்திக்கும் விளிம்பைத் தேடுகிறார்கள். பகலில் கரடி குளிர்ச்சிக்கு அந்தச் சதுப்புக்குள் படுத்திருக்கும். ஓடையோ, பீவர் அணை கட்டித் தேக்கிய குட்டையோ பக்கத்தில் இருந்தால் நல்லது. தின்ற கரடிக்குத் தண்ணீர் வேண்டும்.

இவ்வளவும் அமைந்த பிறகும் காற்று கெடுத்துவிடும். நேராகத் தீனிக்கு வந்து நிற்கும் கரடி அனுபவமில்லாத இளசு. மூத்தது காற்று போகும் பக்கமாகச் சுற்றிவந்து, மோப்பம் பிடித்து, மனித வாடை வந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடும். அந்தப் பக்கத்தில் குட்டையோ வெட்டவெளியோ வருமாறு இடம் அமைந்தால் அதற்குச் சுற்ற வழியிருக்காது. வேட்டை பெரும்பாலும் மாலையில் நடப்பதால் சரிவையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெயில் தாழ்ந்ததும் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். தீனிக்குக் கீழே உட்கார்ந்தவரின் வாடை பள்ளத்தோடு போய்விடும்; மேலே உட்கார்ந்தவரை அதே காற்று காட்டிக்கொடுக்கும்.

சட்டமும் இடத்தைக் குறுக்குகிறது. நில உடைமையாளரின் சம்மதம் வேண்டும். வண்டி போகும் பாதையிலிருந்து 50 கஜமாவது உள்ளே இருக்க வேண்டும். குப்பைக் கிடங்கு, முகாம் மைதானம் இவற்றிலிருந்து 500 கஜம் விலக வேண்டும். தீனி வைத்தவரின் பெயரும் முகவரியும் அங்கேயே எழுதியிருக்க வேண்டும். நவம்பர் 10-க்குள் சுத்தம் செய்துவிட வேண்டும்.

தீனி என்றால் பெரும்பாலும் பேக்கரியில் மீந்த டோனட், வெல்லப்பாகு, பொரித்த எண்ணெய். 55 கேலன் பீப்பாயில் போட்டு மரத்தோடு சங்கிலியால் பிணைப்பார்கள். பீப்பாய் ஏறக்குறைய மூன்றடி உயரம்; பக்கத்தில் நிற்கும் கரடியை அதை வைத்து அளந்துவிடலாம். இந்த இடத்தில்தான் தேர்வின் தரம் வெளிப்படுகிறது என்பேன். தாய்க்கரடி முன்னே வந்துவிடும். குட்டிகள் புதருக்குள் பின்தங்கி நிற்கும். பீப்பாயைச் சுற்றிப் பத்தடிகூடத் தெரியாத இடத்தில் அமர்ந்தவருக்கு அது தனிக் கரடியாகத்தான் தோன்றும். பொறுப்புள்ள வழிகாட்டி குட்டியோடு வரும் தாயைச் சுட விடமாட்டார். அதற்கு அவர் கண்ணுக்கு இடம் தர வேண்டும், நேரமும் தர வேண்டும். மறைவு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்தத் திறப்பு. அதைக் கவனிக்காமல் தீனி வைப்பவரின் திறமையை என்னால் மெச்ச முடியவில்லை.

எவ்வளவு தேர்ந்து வைத்தாலும் ஒரு போட்டியாளரை வெல்வது கடினம்: பீச் கொட்டை. அது நன்றாகக் காய்த்த ஆண்டில் கரடிகள் மேட்டுக்காட்டிலேயே தங்கிவிடும். பீப்பாயை எட்டிப் பார்ப்பதில்லை. குளிர்கால உறக்கத்துக்கு முன் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரைகூடத் தின்னும் பிராணிக்கு, எண்ணெய்ச் சத்துள்ள கொட்டை காலடியிலேயே கொட்டிக் கிடக்கும்போது டோனட் எதற்கு? கொட்டை பொய்த்த ஆண்டில் வேட்டை ஏறும். இப்போது அந்த மரங்களையே பட்டை நோய் அரித்துக்கொண்டிருக்கிறது. இலை நோயும் 2021-இல் மெய்னுக்குள் வந்துவிட்டது. வேட்டையை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவருமே கவலைப்பட வேண்டிய செய்தி இது.

எதைத் தீனியாகப் போடுகிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. 2014-இல் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் சாக்லேட் குவித்திருந்த ஓரிடத்தில் நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின்தான் கொன்றது. பின்னர் அங்கே சாக்லேட் தீனிக்குத் தடை வந்தது.

அதே 2014-இல் மெய்ன் மக்கள் தீனி வேட்டையைத் தடைசெய்வதா என்று வாக்களித்தார்கள். 2004-இலும் அதே கேள்விதான். இரண்டு முறையும் ஏறத்தாழ 53 சதவீதம் பேர் தடை வேண்டாம் என்றார்கள். கொலராடோ 1992-இலும், ஆரிகன் 1994-இலும், வாஷிங்டன் 1996-இலும் வாக்கெடுப்பின் மூலமே இதைத் தடை செய்துவிட்டன. மெய்னின் வாக்குச்சீட்டில் தீனியோடு இன்னும் இரண்டு முறைகளும் சேர்ந்திருந்தன: நாய்களை விட்டுத் துரத்துவது, பொறி வைப்பது. அவற்றை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)