மேரி மெக்மில்லன் (1880–1959)

முதல் உலகப் போரில் உயிர் தப்பிய வீரர்கள் விறைத்த முழங்காலோடும் சூம்பிய கையோடும் ஊர் திரும்பினார்கள். அந்த மூட்டைப் பிடித்து, வலி பொறுக்கும் அளவுக்கு மட்டும் மெல்ல மடக்கி நீட்டும் பக்குவத்தை அமெரிக்கப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த இயன்முறை மருத்துவ ஆசிரியர் இவர். 1918இல் போர்ட்லாந்து ரீட் கல்லூரியில் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். 1921இல் பாடநூல் எழுதினார். அதே ஆண்டு அத்துறையினரின் முதல் தேசியச் சங்கத்துக்குத் தலைவரானார். உதவியாள் வேலையாகக் கருதப்பட்டது தனித்தொழிலாகத் தலைநிமிர்ந்ததில் இவர் பங்கு மிகப் பெரிது.

1932இல் பீக்கிங் சென்று அங்கும் கற்பித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இவரை மணிலாவின் சாந்தோ தோமாஸ் முகாமில் அடைத்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அங்கும் சக கைதிகளுக்குச் சிகிச்சை அளித்தார்.