பருவ வயதும் முகப்பருவும்



பிள்ளையின் முகத்தில் பரு தோன்றியதும் நாம் என்ன சொல்கிறோம்? "உடம்பில் சூடு", "ஒழுங்காக முகம் கழுவுவதில்லை" என்று ஏசுகிறோம். பிள்ளை கூனிக் குறுகிப் போகிறது. இங்கே கமுந்திங்கில் ஆறாம் ஆண்டு மாணவிகள் சிலர் கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டே பாடம் கேட்பதைப் பார்க்கிறேன்.

பரு அழுக்கினால் வருவதல்ல. பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. எண்ணெய் மிகுந்து, மயிர்த்துளை அடைபட்டு, கிருமி பெருகி வீங்குவதே பரு.

அப்படியானால் சாப்பாட்டுக்குப் பங்கே இல்லையா? உண்டு என்றே தெரிகிறது. கோலாலம்பூர் மருத்துவமனையில் பரு உள்ள 44 பேரையும் இல்லாத 44 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பரு உள்ளவர்கள் இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு, பால், ஐஸ்கிரீம் ஆகியவற்றை அதிகம் உட்கொண்டிருந்தனர். ஆஸ்திரேலியாவில் 2007-இல் வெளியான ஆய்வில், இத்தகைய உணவை 12 வாரம் குறைத்த இளைஞர்களுக்குப் பருக்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தன. சர்க்கரை ஏறினால் இன்சுலின் ஏறும். அது எண்ணெய்ச் சுரப்பையும் கூட்டும்.

இனி நம் வீட்டைப் பாருங்கள். காலையில் டின் பால் ஊற்றிய தேத்தண்ணியும் வெள்ளை ரொட்டியும், பள்ளியில் சிராப், மாலையில் இனிப்பான மைலோ, இரவில் தட்டு நிறையச் சோறு. இவற்றை மூன்று மாதம் குறைத்துப் பாருங்கள். டின் பாலைப் பாதியாக்குங்கள். சிராப்புக்குப் பதில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, கீரை, பருப்பு, மீன் கூட்டுங்கள். அவித்த கடலை நல்ல பலகாரம். செலவும் குறையும். எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்காது. ஆனாலும் உடம்புக்கு நன்மையே.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பசார் மாலாமில் விற்கும் பெயர் தெரியாத வெள்ளைக் கிரீமை வாங்கிக் கொடுக்காதீர்கள். இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு, சுகாதார அமைச்சு அவற்றைத் தடை செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பருவைக் கிள்ளவும் விடாதீர்கள், தழும்பு நிற்கும். பெரிய கட்டியாக வலித்தால் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு நல்ல மருந்து உண்டு.

பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறப் பரு மறைந்துவிடும். நாம் ஏசிய ஏச்சு மறையாது. ஆகவே பிள்ளையை ஏசாதீர்கள். அதன் தட்டையும் குவளையையும் கவனியுங்கள்.