மலை இறங்கும்போது கிளச்சை மிதிக்காதே!

கீழே கிடுகிடு பள்ளம். பக்கத்தில் பாறை. பாதை முழுவதும் உருளைக் கற்கள். ஜீப்பின் முன் சக்கரங்கள் சரிவில் இறங்கிவிட்டன.

இப்போது டிரைவரின் கால்கள் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யக்கூடாது!

கிளச்சில் கால் இருக்கக்கூடாது. ஆக்சிலேட்டரில் கால் இருக்கக்கூடாது. கூடியவரை பிரேக்கையும் தொடக்கூடாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி தானாகவே, ஆமை போல, ஒவ்வொரு கல்லாக இறங்கும்.

கேட்பதற்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் உயிரைக் காப்பாற்றும் வித்தை இதுதான்.

மூக்கண்டப்பள்ளியைப் பாருங்கள். ஓசூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர். சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் பறக்கின்றன. வழவழப்பான தார் ரோடு. அங்கே எல்லாரும் சூரர்கள்தான்.

அங்கிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போங்கள். தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் அஞ்செட்டி வரும். சுற்றிலும் மலை, மூங்கில், யானைக் காடு. இந்தப் பகுதியில்தான் 2014-ம் ஆண்டில் காவேரி வடக்கு வன விலங்கு சரணாலயம் அமைக்கப்பட்டது. பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். பெட்டமுகிலாளம் பக்கத்து மலைகளில் தார் ரோட்டை விட்டு இறங்கினால், மழையில் அரித்த மண் தடம்தான். நெடுஞ்சாலைச் சூரத்தனம் அங்கே செல்லாது.

(ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் வண்டியோடு நுழைவது குற்றம். பிறகு என் மேல் வருத்தப்படாதீர்கள்!)

சண்டையில் பிறந்த வண்டி

சாதாரண மோட்டாரில் என்ஜினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். மற்ற இரண்டும் சும்மா உருளும். ஜீப்பில் நான்கு சக்கரங்களும் இழுக்கும். பின் சக்கரம் சேற்றில் வழுக்கினாலும், கெட்டித் தரையில் இருக்கும் முன் சக்கரம் வண்டியை வெளியே இழுத்துவிடும்.

இரண்டாவது உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது ஜீப். வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. நம் நாட்டில் 1947-ல் மகிந்திரா கம்பெனி அந்த வில்லிஸ் ஜீப்பைக் கொண்டு வந்தது. தாசில்தார், போலீஸ், வனத்துறை, தேர்தல் பிரசாரம் எல்லாவற்றுக்கும் ஜீப்தான். 1985-ல் மாருதி ஜிப்சி வந்தது. 2010-ல் மகிந்திரா 'தார்' வந்தது.

ஓசூருக்கும் இந்த வண்டி இனத்தோடு உறவு உண்டு. 1980 முதல் இங்கே அசோக் லேலண்ட் தொழிற்சாலை இருக்கிறது. நம் ராணுவம் சாமான் ஏற்றிச் செல்லும் 'ஸ்டாலியன்' என்ற நான்கு சக்கர இழுவை லாரி அந்தக் கம்பெனியின் தயாரிப்புதான்.

இப்போது சாலையில் உயரமான பெரிய கார்கள் நிறைய ஓடுகின்றன. பார்த்தால் மலையையே தாண்டும் போல் இருக்கும். அவற்றில் பல, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள்! உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டாவது கம்பி

நான்கு சக்கர இழுவை வண்டியில் சாதாரண கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்கும். அதில் '2 எச்', '4 எச்', '4 எல்' என்று மூன்று நிலைகள். (போர்க்கால ஜீப்பில் மொத்தம் மூன்று கம்பிகள். புதிதாக ஏறியவர் திருதிருவென்று விழிப்பார்.)

'2 எச்' தார் ரோட்டுக்கு. பின் சக்கரம் மட்டும் இழுக்கும். '4 எச்' மண், மணல், சேற்றுக்கு. நான்கும் இழுக்கும். காய்ந்த தார் ரோட்டில் '4 எச்' போடக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரமும் பின் சக்கரங்கள் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கு விடுபடும். தாரில் விடுபடாது.

'4 எல்' தான் மந்திரக்கோல். வண்டியை நிறுத்தி, கிளச்சை மிதித்து இதைப் போட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில், சாதாரண ரோட்டில் டாப் கியரில் என்ஜின் சுமார் 5 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். மெதுக் கம்பியைப் போட்டு முதல் கியரில் விட்டால், என்ஜின் சுமார் 25 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று!

வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இழுக்கும் பலம் ஐந்து மடங்காகப் பெருகுகிறது.  ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி, மனிதன் மெல்ல நடக்கும் வேகத்தில் போகும். கைபலம் தேவை இல்லை. ஆண், பெண் யாரும் ஓட்டலாம். பொறுமை இருந்தால் போதும்.

எது பிரேக்?

இப்போது அந்தச் சரிவுக்கு வருவோம்.

மலை இறங்கும்போது வண்டியின் பாரம் சக்கரத்தை வேகமாக உருட்டப் பார்க்கும். ஆனால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற வேண்டுமானால், என்ஜினை 25 சுற்று சுற்றவைக்க வேண்டும். அது லேசான காரியமா? என்ஜின் முரண்டு பிடிக்கிறது. அந்த முரண்டுதான் பிரேக்! நான்கு சக்கரத்தையும் ஒரே சீராகப் பிடித்துக்கொள்ளும். சூடேறி எரியாது.

புதிய டிரைவர் பயத்தில் என்ன செய்கிறார்? பழக்க தோஷம், கிளச்சை மிதிக்கிறார். அவ்வளவுதான்! என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த உறவு அறுந்தது. வண்டி அவிழ்த்துவிட்ட காளை ஆகிறது. பதறிப் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். சக்கரம் சுற்றாமல் நிற்கிறது. வண்டியோ கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. சுற்றாத சக்கரத்துக்கு ஸ்டியரிங் கட்டுப்படாது.

அப்படிப் பின்புறம் ஒரு பக்கமாகச் சறுக்கத் தொடங்கினால் செய்ய வேண்டியது இன்னும் விசித்திரமானது. பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட வேண்டும்! சக்கரம் மறுபடியும் உருளும். உருண்டால் மண்ணைப் பிடிக்கும். வண்டி நேராகும். மனம் ஒப்பாத காரியம் இது. அதனால்தான் முதலில் சின்ன மேட்டில் பழக வேண்டும்.

ஏறும்போது என்ஜின் பாதியில் நின்றுபோனால்? வண்டியைத் திருப்ப முயன்றவர்கள் உருண்டிருக்கிறார்கள். மலையில் குறுக்கே நிற்கும் வண்டி கவிழ்ந்துவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, '4 எல்' நிலையிலேயே ரிவர்ஸ் கியர் போட்டு, என்ஜினைக் கிளப்பி, கிளச்சை முழுக்க விட்டு, வந்த வழியே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். வெட்கம் ஒன்றும் இல்லை.

சேறும் ஆறும்

நான்கு சக்கரம் இழுத்தாலும் சிக்கிக்கொள்வது உண்டு. ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களில் எது லேசாகச் சுற்றுமோ, அதற்கே சுழற்சி போகும். தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவது போல. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அது மட்டும் காற்றாடியாய்ச் சுற்றும். அப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் குழிதான் ஆழமாகும். நிறுத்துங்கள். இறங்குங்கள். கல்லோ காய்ந்த கிளையோ சக்கரத்துக்கு அடியில் போடுங்கள். மணலாக இருந்தால் டயரில் 30 காற்று இருப்பதை 20 ஆக இறக்குவார்கள். டயர் அகன்று மணலில் மிதக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஆற்றைக் கடப்பதற்கு முன் தண்ணீரின் ஆழத்தையும் இழுப்பையும் பாருங்கள். காலால் நடந்து கடக்கப் பயமாக இருந்தால், வண்டியையும் இறக்காதீர்கள். தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாக உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியுமா? உள்ளே இருக்கும் கம்பி வளைந்து, என்ஜின் பாழாகும்.

கட்டைவிரல் விஷயம் ஒன்று. பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே கொடுக்கக்கூடாது. வெளியே வைக்க வேண்டும். முன் சக்கரம் பாறையில் மோதினால் ஸ்டியரிங் சுழன்று அடிக்கும். விரல் முறியும்.

காட்டில் மட்டுமா?

ஜீப் இல்லாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மூக்கண்டப்பள்ளி வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் தெற்கே போங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். தமிழ்நாட்டில் விபத்துக்குப் பேர்போன இடம்.

அங்கே இருப்பது கல்லும் சேறும் அல்ல, நல்ல தார் ரோடு. ஆனாலும் கோர விபத்துகள் பல நடந்திருக்கின்றன. டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் லாரியை இறக்குவது இதற்கு ஒரு காரணம் என்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். காட்டில் கிளச்சை மிதித்த டிரைவர் செய்த அதே தவறுதான் இது! பல டன் பாரத்தை பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். பிரேக் கொதித்துப் பிடிப்பு இழக்கிறது. முன்னால் போகும் காரில் ஒரு குடும்பம் இருக்கிறது.

அடுத்த முறை நீங்கள் பிள்ளைகளோடு பஸ்ஸிலோ வேனிலோ மலை இறங்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். என்ஜின் 'உர்ர்' என்று உறுமிக்கொண்டே இறங்கினால், ஜன்னல் ஓரம் சாய்ந்து வேடிக்கை பார்க்கலாம். சத்தமே இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா? தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, வண்டி கியரில்தானே இருக்கு?"